மிஞ்சிய சாப்பாடு: போன் செய்யும் நேரம் முக்கியம்

ஆசிரியருக்கு, பெங்களூரு கல்யாண மண்டபங்களில் மிஞ்சும் சாப்பாட்டை ஆதரவற்றோர் இல்லங்களுக்கு அனுப்புவது பற்றிய செய்தி படித்தேன். நல்ல காரியம்தான். ஆனால் பந்தியெல்லாம் முடிந்து, பாத்திரம் கழுவும் நேரத்தில்தான் பெரும்பாலும் தொண்டு அமைப்புக்குப் போன் போகிறது. வண்டி வருவதற்குள் சாதம் மூன்று மணி நேரமாவது அண்டாவில் கிடந்திருக்கும். அரிசியிலுள்ள பாசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அதன் பிறகு எவ்வளவு சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு போகாது. 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருப்பது, முடியாவிட்டால் சீக்கிரம் ஆற்றிக் குளிரவைப்பதுதான் பாதுகாப்பு. சூட்டோடு மூடிய அண்டாவில் ஆவி வேர்த்துச் சொட்டி, அடிச்சாதம் முதலில் நொசநொசக்கும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு அதற்கும் முன்பே புளித்துவிடும்.

உபரி உணவு வினியோகத்துக்கென 2019-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிமுறைகள் வந்துவிட்டன. மண்டப முன்பதிவுப் படிவத்திலேயே தொண்டு அமைப்பின் எண்ணுக்கு ஒரு வரி ஒதுக்கலாம். கடைசிப் பந்திக்கு இலை போடும்போதே போன் செய்து, பரிமாறாத சாதத்தை அகலத் தட்டுகளில் பரப்பிச் சீக்கிரம் ஆற்றிக் குளிரவைத்து, சமைத்த நேரத்தை எழுதி ஒட்டிக் கொடுக்கச் சமையல் காண்டிராக்டரிடம் சொல்லிவைக்கலாம். தேங்காய்ப் பதார்த்தங்களை அனுப்பாமலிருப்பதே மேல்.

- ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு