பேஸ் வாசிக்கிற பையன் போனால்

அன்பு மகன் கதிருக்கு,

அப்பா எழுதுவது. பேஸ் கிடார் வாசிக்கிற பையன் விலகிவிட்டான், எங்கள் இசைக்குழு அவ்வளவுதான் என்று நீ போனில் சொன்னதிலிருந்து உன் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு அந்தக் கவலை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீ இருக்கிற இத்தாலியின் டுரின் ஊர்க்காரர்கள்தான் சுப்சோனிகா என்கிற இசைக்குழு. நீ அனுப்பிய பாட்டுகளைக் கேட்டபிறகு அவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்துவிட்டேன். 1996-இல் ஐந்து பேராகச் சேர்ந்தார்கள். கிடார்காரர் மாக்ஸ் கசாச்சி மற்றவர்களைவிட மூத்தவர், அதற்கு முன்பே ஒரு ரெகே குழுவில் வாசித்தவர். போ ஆற்றங்கரையில் முராத்ஸி என்று கல் வளைவு அறைகள் இருக்கின்றனவே, பழைய படகுத்துறை, அந்தக் காலத்தில் அங்கேதான் ராத்திரி முழுக்க ஆட்டமும் பாட்டும். அந்தச் சூழலில் வளர்ந்த இசை அது. மெஷின் தாளம் மாதிரி இருக்கிறதே என்று காதைத் தீட்டிக் கேட்டால், நிஞ்சா என்கிற அந்த டிரம்மர் கையால் அடித்துக்கொண்டிருக்கிறார்!

1999-இல் இரண்டாவது ஆல்பம். அதையொட்டித்தான் அவர்களுடைய பேஸ்காரர் பியர்ஃபங்க்கும் போனார். விச்சோ வந்தார். மறு வருஷமே சான்ரெமோ விழா மேடை, இத்தாலியின் பெரிய பாட்டுப் போட்டி. கிடைத்தது 11-ஆம் இடம்தான், ஆனால் அந்தப் பாட்டு இன்றைக்கும் அவர்களுடைய பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு: போன பியர்ஃபங்க்கும் பாடகர் சாமுவேலும் மோட்டல் கனெக்‌ஷன் என்று இன்னொரு குழுவில் சேர்ந்தே வாசித்தார்கள். குழுவை விட்டார், கூட்டாளியை விடவில்லை.

அப்புறம் ஆல்பம் வெளியிடுகிற கம்பெனியோடு தகராறு. 2004-இல் வார்த்தையே இல்லாமல் வெறும் இசையாக ஒரு ஆல்பம் பதிவு செய்தார்கள். கம்பெனி வேண்டாம் என்றுவிட்டது. வேறொருவராக இருந்தால் அழித்திருப்பார்கள். இவர்கள் வைத்திருந்து, 2020-இல் ஊரெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது வெளியிட்டார்கள். அதைக் கேள். எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது, உண்மையைச் சொல்வதானால்.

நடுவில் சாமுவேல் தனி ஆல்பம், கீபோர்டு பூஸ்தா தனி ஆல்பம், கசாச்சி இயற்கையின் சத்தங்களை வைத்தே ஒரு ஆல்பம். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய்விட்டு மறுபடி வந்து சேர்ந்தார்கள். 2024-இல்கூடப் புது ஆல்பம் வந்தது, விச்சோதான் பேஸ்.

சரி, இப்போது உன் விஷயம். புது ஆள் தேடு, ஆனால் போன பையனோடு முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. அவனுடைய ஆம்ப்ளிஃபயர் உன் அறையில்தானே இருக்கிறது? நீயே கொண்டுபோய்க் கொடு. இந்த வாரமே. அப்படியே சனிக்கிழமை சாப்பிடக் கூப்பிடு. அம்மா அனுப்பிய சாம்பார் பொடி இன்னும் மீதி இருக்கும்.

அன்புடன்,
அப்பா