போர்ட்ஸ்மவுத்தில் கப்பல் பார்க்கும் பயணம்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அடுத்த மாதம் முதல் வெள்ளி, சனி இரண்டு நாளும் போர்ட்ஸ்மவுத் கடற்கரைக்கு அழைத்துப் போகிறோம். அனுமதிச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு வரும் திங்கட்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

கப்பல் பார்க்க இரண்டு நாள் எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். முதல் நாள் கடலைப் பார்க்க. சவுத்ஸீ கோட்டைக்கு எதிரே இருக்கும் அந்தக் கடலில்தான் 1545 ஜூலை 19 அன்று இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் போர்க்கப்பல் மூழ்கியது. திறந்திருந்த பீரங்கி வாசல்கள் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. சுமார் 500 பேர் இருந்தார்கள். பிழைத்தவர்கள் 35 பேருக்கும் குறைவு. எதிரி மேலே ஏறிவிடாமல் தளத்துக்கு மேல் கட்டியிருந்த வலையே அவர்களைத் தப்பவிடவில்லை. முதலில் கரையில் நின்று அந்த இடத்தைப் பார்த்துவிட்டால், மறுநாள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பது வெறும் பழைய மரமாகத் தெரியாது.

முழுக் கப்பல் இருக்காது என்று இப்போதே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். சேற்றில் புதைந்த வலப்பக்கம்தான் பெரும்பாலும் தப்பியது. மூடாமல் கிடந்த பக்கம் அரித்துப் போய்விட்டது. 1982 அக்டோபரில் மேலே தூக்கினார்கள். மரம் காய்ந்து சுருங்கிவிடாமல் முதலில் தண்ணீர், அப்புறம் மெழுகு போன்ற ஒரு ரசாயனம் என்று 2013 வரை தெளித்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அங்கே மிகவும் பிடித்தவை பேன் சீப்புகள். மரச் சீப்பு, இரண்டு பக்கமும் பல், சிலவற்றில் அந்தக் காலத்துப் பேன்கூட அப்படியே இருக்கிறது. கப்பலில் இருந்த சின்ன நாயின் எலும்புக்கூட்டையும் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள்.

பிறகு விக்டரி. 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் ஆங்கிலேயத் தளபதி நெல்சன் உயிர் விட்ட கப்பல். பழுதுபார்க்கும் வேலை நடப்பதால் படங்களில் இருப்பதுபோலப் பாய்மரத்தோடு பார்க்க முடியாது. உள்ளே கூரை தாழ்வு. போன தடவை உத்தரத்தில் தலையை நன்றாக இடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல நின்றேன், பிள்ளைகள் நம்பவில்லை. நேரம் இருந்தால் 1860இல் கடலில் இறக்கிய வாரியர் என்ற இரும்புக் கப்பலிலும் ஏறுவோம்.

சவுத்ஸீ கரையில் பெரும்பாலும் கூழாங்கல்தான். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு அனுப்புங்கள். காற்றுக்கு ஒரு மேல்சட்டையும் வேண்டும். கடலில் இறங்க அனுமதி இல்லை. கப்பல்கள் எதுவும் நகராது, வாந்தி மாத்திரை பேருந்துக்கு மட்டும் போதும்.

கைபேசி வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். ஒவ்வொருவரும் பிடித்த ஒரே ஒரு பொருளை உட்கார்ந்து வரைய வேண்டும்.

இரவில் யாராவது அழுதால் நாங்களே உங்களைக் கூப்பிடுவோம். நீங்களாகக் கூப்பிட்டால் அழாத பிள்ளையும் அழும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்