சேகருக்கு, உன் தடுப்பணைப் படிகளைப் பற்றி

அன்புள்ள சேகருக்கு,

பதில் போட ரொம்ப நாளாகிவிட்டது, திட்டாதே. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால்வலி குறைந்ததில் மகிழ்ச்சி. சம்பத்துக்குக் கல்யாணம் என்று எழுதியிருக்கிறாய். பத்திரிகையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்புவேன்.

உன் கடிதத்தில் டெண்டர் சண்டைக்கு மூன்று பக்கம், தண்ணீருக்கு ஒரே வரி: “கீழ்ப்பக்கம் ஐந்து படி வைக்கிறோம், வேகம் தானாகக் குறைந்துவிடும்.” நம் ஹைட்ராலிக்ஸ் சார் இதைப் படித்திருந்தால் உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். இத்தனை வருஷம் பாலமே கட்டியவன் நீ, ஆறு உனக்குக் குறுக்கே வரும் தொந்தரவு மட்டும்தான். இப்போது ஆற்றுக்குள்ளேயே இறங்கிவிட்டாய் அல்லவா, கேள்.

நியூயார்க்குக்கு வடக்கே நியூ குரோட்டன் என்று ஓர் அணை. 1892-இல் தொடங்கி 1906-இல் முடித்தது, முழுக்கக் கல் கட்டுமானம், 90 மீட்டர் உயரம். பனி உருகி ஏரி நிறைந்து வழிந்த சமயத்தில் போயிருந்தேன். ஒரு பக்கமாக வளைந்து இறங்கும் கல் படிகளில் தண்ணீர் கொட்டுகிறது. உச்சியில் கண்ணாடி மாதிரி வருகிற நீர், சில படி தாண்டியதும் வெளேரென்று ஆகிவிடுகிறது. அதைவிட்டு நகர மனமே வரவில்லை.

அந்த வெள்ளைதான் விஷயமே. உராய்வை விட்டுவிட்டால், 90 மீட்டர் இறங்கிய தண்ணீர் நொடிக்கு 42 மீட்டர் வேகத்தில் அடிவாரத்தை அடிக்கும். வழவழப்பான சரிவில் அந்த வேகத்தில் பெரும்பகுதி அப்படியே கீழே வந்து சேரும். படி இருந்தால் தரையிலிருந்து கிளம்பும் கொந்தளிப்பு சீக்கிரமே நீரின் மேற்பரப்பை எட்டிவிடும். எட்டிய இடத்தில் காற்று உள்ளே புகுகிறது, நீர் வெளுக்கிறது. ஆற்றல் வழியிலேயே சுழலாகவும் இரைச்சலாகவும் கரைந்துபோகிறது.

காற்று இல்லாத வேகம் என்ன செய்யும் என்பதற்கு அரிசோனாவின் கிளென் கேன்யன் அணையைப் பார். 1983 வெள்ளத்தில் அதன் வழுவழு சுரங்க வடிகால்களைத் திறந்தார்கள். காங்கிரீட்டில் இருந்த சின்னச் சின்ன மேடுபள்ளங்களை ஒட்டி நீராவிக் குமிழ்கள் உண்டாகி, உடைந்து, உடைந்து, காங்கிரீட்டையும் அடியிலிருந்த மணற்பாறையையும் சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குத் தின்றுவிட்டன. அப்புறம் செய்த வைத்தியம், நீருக்குள் காற்று புக ஒரு பள்ளம் வெட்டியது. தரையை ஒட்டி ஓடும் நீரில் 7 சதவீதம் காற்று இருந்தாலே அந்த அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும். எனக்கு இதை எத்தனை முறை நினைத்தாலும் பரவசம் அடங்குவதில்லை.

சரி, உன் மூன்று மீட்டர் தடுப்பணைக்கு அந்த ஆபத்தெல்லாம் கிடையாது. உன் ஆபத்து வேறு.

படி ஒன்று 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் கொஞ்சமாக வந்தால் ஒவ்வொரு படியிலும் விழுந்து, அடிபட்டு, அடுத்த படிக்குப் போகும். நீ எழுதிய வரி அப்போது உண்மை. ஒரு மீட்டர் அகலத்துக்கு நொடிக்கு ஒன்றரை கன மீட்டர் வரும்போது மாறுநிலை ஆழம், அதாவது அணை விளிம்பைத் தாண்டும்போது நீர் ஏறக்குறைய எடுக்கும் ஆழம், படி உயரத்தைத் தொட்டுவிடுகிறது. அந்த அளவை ஒட்டி ஓட்டம் நிலையில்லாமல் துள்ளும், ஒரு படி மூழ்கும், இன்னொன்று மூழ்காது. அதற்கும் மேலே போனால் படி மூலைகளில் நீர் சும்மா சுழன்றுகொண்டிருக்கும், பெருவெள்ளம் அந்தச் சுழல்களின் தலைமேல் வழுக்கிக்கொண்டு போகும். உயரமான அணையில் நூறு படி இருப்பதால் அப்போதும் ஆற்றல் நிறைய கரையும். உன்னிடம் இருப்பது ஐந்து. மீட்டருக்கு எட்டு கன மீட்டர் வரும் நாளில் மாறுநிலை ஆழம் 1.87 மீட்டர். உன் படிகள் இருப்பதே ஆற்றுக்குத் தெரியாது!

அந்த நாளில் அணையின் அடியில் என்ன நடக்கும் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கீழே ஆற்று மட்டமும் ஏறியிருக்கும். விழும் நீர் அடியோடு போய்விட, மேற்பரப்பு நீர் அணையை நோக்கித் திரும்பி ஓடும். கரையிலிருந்து பார்த்தால் சாதுவாகத் தெரியும். உள்ளே மாட்டியவரை அது அணைக்கே இழுத்து, அமுக்கி, மேலே விட்டு, மறுபடி இழுக்கும். காற்று கலந்த நீர் உடம்பைச் சரியாகத் தாங்காது, நீச்சல் தெரிந்தும் பயனில்லை. 1975-இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனில், சஸ்குவஹன்னா ஆற்றின் ஒரு சின்ன அணையில் மீட்கப் போன தீயணைப்பு வீரர்களே மூன்று பேர் இறந்துபோனார்கள். படகோடு, கயிறோடு போனவர்கள், சேகர்.

நம் ஊரில் தடுப்பணை நிறைந்தது என்றால் அன்றைக்கே திருவிழா. படி வேறு இருந்தால் பிள்ளைகள் உட்கார்ந்து குளிக்கத்தான் செய்வார்கள். பாசி பிடித்த படி, மேலே மழை, திடீரென்று ஏறும் தண்ணீர். எச்சரிக்கைப் பலகையை நம்பாதே.

வடக்கு டகோட்டாவில் ஃபார்கோ ஊரில், பலரைப் பலிவாங்கிய ஓர் அணையின் கீழே 1990களின் கடைசியில் பாறைகளைக் கொட்டி நீண்ட மென்சரிவாக ஆக்கினார்கள். திரும்பி ஓடும் சுழல் போய்விட்டது, மீனும் மேலேறுகிறது. உனக்குக் கல்லுக்கா பஞ்சம்? படிகளைத் தாழ்வாக, அகலமாகப் போட்டுச் சரிவை நீட்ட முடியுமா என்று பார். முடியாதென்றால் கடைசிப் படிக்குக் கீழே கற்களை அடுக்கு. பக்கச் சுவரில் ஏறிவர ஒரு வழியும் விடு.

ஒப்பந்தக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வரைபடம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்றாயே, அதுவரை நேரம் இருக்கிறது. சின்ன ஓட்டத்திலிருந்து பெருவெள்ளம் வரை ஒவ்வொரு அளவுக்கும் அணைக்குக் கீழே ஆற்று மட்டம் எவ்வளவு என்று கணக்கெடுத்து அனுப்பு. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். பத்திரிகையையும் அதோடு சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
ரவி