32 பேல் காடாத்துணிக்கு நன்றி

மதிப்பிற்குரிய கார்னர்வான் பிரபுவுக்கும் அவரோடு நின்ற அனைவருக்கும்,

எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறைப் பொருட்கள் எல்லாம் கெய்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள கிசா போய்ச் சேர்ந்து, 2025 நவம்பரில் புது அருங்காட்சியகமும் திறந்தாயிற்று. பழம்பொருள் பாதுகாப்பில் இருக்கும் எங்களுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. இடமாற்றத்தின்போது பட்ட பயத்தை இங்கே மறுபடி எழுத வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்தக் கல்லறையைத் தேடிய அகழாய்வுக்குப் பணம் போட்டவர் நீங்கள். 1922 கோடையில் "இனி போதும்" என்று முடிவெடுத்த பிறகும், தோண்டிய தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கேட்டதால் இன்னும் ஒரு அகழாய்வுப் பருவத்துக்குப் பணம் தந்தீர்கள். அதற்கு ஊரே நன்றி சொல்கிறது. எங்கள் நன்றி அதற்கடுத்த செலவுக்கு. கல்லறை கிடைத்த பிறகு, டிசம்பரில் அதைத் திரும்ப மூடிவிட்டுக் கெய்ரோ போன கார்ட்டர் வாங்கியவை: இரும்புக் கதவு, ரசாயனங்கள், 32 பேல் காடாத்துணி, ஒரு மைலுக்கு மேல் பஞ்சுப்பட்டை, அதே அளவு கட்டுத்துணி. பஞ்சும் துணியும் பாதியில் தீர்ந்துவிடக் கூடாது என்பதில் அவருக்குப் பிடிவாதம். புதையலுக்காகப் பணம் போடுகிறவர்கள் பஞ்சுக்குக் கணக்குக் கேட்பார்கள். இங்கே அது நடக்கவில்லை.

முன்னறையில் மணி கோத்த செருப்பு கிடந்தது. பார்வைக்குப் புதுசு போலவே இருந்தது. ஆனால் கோத்த நூல் இற்றுப்போயிருந்ததால், தூக்கினால் கையில் வெறும் மணிகள்தான் மிஞ்சும். ஸ்பிரிட் அடுப்பில் பாரஃபின் மெழுகை உருக்கி, கிடந்த இடத்திலேயே ஊற்றி, ஓரிரு மணி நேரம் இறுகவிட்டு முழுசாக எடுத்தார்கள். பூச்செண்டுகளுக்குச் செல்லுலாய்டு கரைசலை மூன்று நான்கு முறை தெளித்த பிறகே கை வைத்தார்கள். பிறகு பஞ்சு விரித்த மரத்தட்டில் பொருளைக் கிடத்தி, அசையாதபடி கட்டுத்துணியால் தட்டோடு சேர்த்துச் சுற்றி, பட்டறையாக இருந்த இரண்டாம் சேத்தி என்ற இன்னொரு மன்னனின் கல்லறைக்குச் சுமந்து போனார்கள். அந்த மெழுகு பிற்பாடு தூசியைப் பிடித்து நிறத்தை மங்கடித்தது. அதை எடுப்பது இன்றைக்கும் பெரும்பாடு. ஆனாலும் அன்று ஊற்றாமல் விட்டிருந்தால் இன்று சுத்தம் செய்யப் பொருளே இருந்திருக்காது.

செய்தி உரிமையை லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு மட்டும் விற்று, எகிப்தியப் பத்திரிகையாளர்களை வாசலில் நிறுத்தினீர்களே, அதற்கு மட்டும் நன்றி கிடையாது.

1923 ஏப்ரலில் நீங்கள் மறைந்த பிறகும் பணியைக் கைவிடாத உங்கள் மனைவி அல்மினா சீமாட்டி, நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசிய ஆட்களை இரவல் தந்த அதன் எகிப்தியப் பிரிவுத் தலைவர் லித்கோ, அப்படி வந்த மேஸ், படமெடுத்த பர்ட்டன், ஓய்வுக்கு முந்தைய விடுப்பை இதற்கே கொடுத்த ரசாயனர் லூக்காஸ், மேஸ்திரிகள் அகமது குரிகார், காத் ஹசன், ஹுசைன் அபு அவாத், ஹுசைன் அகமது சயீத், 1923 மே மாத வெயிலில் தண்டவாளம் போதாமல் பின்னால் கழற்றி முன்னால் போட்டு நைல் கரை வரை பெட்டிகளைத் தள்ளிய தொழிலாளிகள் எல்லோருக்கும் நன்றி.

இனி நாங்கள் எழுதும் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் பஞ்சும் துணியும் "இதரச் செலவு" என்ற தலைப்புக்குள் போகாது. தோண்டும் கூலிக்கு மேலே, தனி வரியாக வரும்.

நன்றியுடன்,
பழம்பொருள் பாதுகாப்பாளர்கள் சிலர்