உப்பு, சர்க்கரை, சோடா: டாக்டர் திலீப் மகலனோபிஸ்

குழு நண்பர்களுக்கு வணக்கம். இந்த வார மருத்துவர், குழந்தை மருத்துவர் திலீப் மகலனோபிஸ்.

1934-இல் பிறந்தவர், கல்கத்தாவில் படித்து, லண்டனில் வேலை பார்த்துத் திரும்பியவர். 1971 வங்கதேசப் போரில் அகதிகள் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தபோது, மேற்கு வங்க எல்லை ஊரான பன்காவ் மருத்துவமனையில் காலரா. இரண்டே அறைகள். தரையெல்லாம் வாந்தியும் பேதியும். அதில் மண்டியிட்டுத்தான் சலைன் ஏற்றினார். அதுவும் தீர்ந்துகொண்டே வந்தது.

அப்புறம்தான் அந்தத் துணிச்சல். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. டிரம்மில் கலந்து குழாய் வைத்து, உறவினர்களையே பிடித்துப் புகட்டச் சொன்னார். குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சும் என்பது முன்பே தெரிந்ததுதான். அதை அகதி முகாமில் நம்பிக் கொடுத்தவர் இவர். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 ஆனது.

2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் அடுத்த ஆண்டுதான் வந்தது. ரொம்பத் தாமதம், என்னைக் கேட்டால்.

சரி, வீட்டில் ஓஆர்எஸ் பாக்கெட் (இதே வகைக் கரைசலுக்கான உப்பு-சர்க்கரைப் பொடி) இருந்தால் எடுத்துப் பாருங்கள்: ஒரு லிட்டருக்கா, 200 மில்லிக்கா? பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிவிடாதீர்கள்.