வராத மாதத்துக்கும் ஆயா சம்பளம்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடும்பத்தோடு இரண்டு மாதம் வெளிநாடு போகிறோம், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கு அந்த இரண்டு மாதமும் சம்பளம் தர வேண்டுமா, வேலையே செய்யாத நாளுக்கு எந்தக் கணக்கில் தருவது என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேட்ட தொனி கொஞ்சம் காரமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டாரே, அதுவே பெரிசு. பல வீடுகளில் இந்தப் பேச்சையே எடுக்காமல் ஒன்றாம் தேதியைக் கடத்திவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், தரத்தான் வேண்டும். முதல் மாதம் முழுசாக, அடுத்த மாதம் பாதியாவது. இரக்கப்பட்டுச் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன். பாத்திரம் தேய்க்க வருகிறவர் மதியத்துக்குள் நான்கு வீடு முடித்துவிடுவார். ஒரு வீடு பூட்டியிருந்தால் மற்ற மூன்றை வைத்து எப்படியோ ஓட்டிவிடலாம். ஆயாவுக்கு அந்த வசதி கிடையாது. காலையில் வந்தால் நாம் ஆபீஸ் முடிந்து டிராஃபிக்கில் சிக்கி வந்து சேரும்வரை நம் வீட்டிலேயேதான். வேறு வீடு ஒத்துக்காதீங்க, பாப்பா உங்ககிட்ட பழகிடுச்சு என்று நாமே சொல்லியிருப்போம். அவருடைய மொத்த வருமானமும் நம் ஒரு வீட்டில்தான், அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதும் நாம்தான்.

2020 ஊரடங்கை இதற்குள் எல்லாரும் மறந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. மார்ச் 19 அன்று பிரதமர் டிவியில் பேசியபோது, உங்களுக்கு வேலை செய்கிறவர்கள் வர முடியாமல் போனால் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அது வேண்டுகோள். மார்ச் 29ல் மத்திய உள்துறை உத்தரவே போட்டது, மூடியிருக்கும் நாட்களுக்கும் பிடித்தமில்லாமல் கூலி தர வேண்டும் என்று. ஆனால் அது பேசியது தொழிற்சாலை, கடை, வணிக நிறுவனங்களைப் பற்றி. வீட்டு வேலை செய்கிறவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த உத்தரவும் மே 18லிருந்து விலக்கப்பட்டது. அப்புறம் ஜூன் 12ல் உச்ச நீதிமன்றம், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. சங்கம் வைத்திருக்கிற மில் தொழிலாளிக்கே இதுதான் நிலைமை என்றால், அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி நிறுத்திவைத்த ஆயா யாரோடு போய்ப் பேசுவார்?

பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரி பக்கமிருந்து நம் வீடுகளுக்கு வருகிற பெண்கள் பஸ் இல்லாமல் முடங்கிப்போனார்கள். பஸ் விட்டாலும் சில அசோசியேஷன்கள் உள்ளே விடவில்லை. ஜூன் 19லிருந்து சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு வேறு. நம் வீட்டுக் கடன் தவணையை ஆகஸ்ட் வரைக்கும் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி வழி செய்தது. தண்டல்காரரிடம் அவர்களுக்காக யார் போய்ச் சொன்னது?

அந்தச் சமயத்தில் என் கணவருடைய சம்பளத்திலும் வெட்டு விழுந்திருந்தது. எங்கள் ஆயாவிடம் போனில் உள்ளதைச் சொன்னோம். அவர் கும்பிடு எதுவும் போடவில்லை, சரியாகப் பேரம் பேசினார். "ஏப்ரல் முழுசா குடுங்க, மே மாசத்துலேர்ந்து பாதி குடுங்க, ஆனா திரும்ப வந்ததும் அதைப் பிடிக்கக் கூடாது." அந்தக் கடைசி நிபந்தனையில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஊரடங்கு முழுக்கச் சம்பளம் கொடுத்தார்கள், அக்கம்பக்கத்தில் நல்ல பேரும் வாங்கினார்கள், ஆயா வேலைக்குத் திரும்பியதும் "அட்வான்ஸ்" என்று சொல்லி மாசாமாசம் கழித்துக்கொண்டார்கள். வட்டி வாங்கலையே என்ற பெருமை வேறு! கேட்காத ஆளுக்குக் கடன் கொடுத்துவிட்டு அதைச் சம்பளம் என்று சொல்லிக்கொள்வது என்ன நியாயம்? பாதிதான் முடியும் என்றால் பாதி என்று சொல்லிக் கொடுங்கள், அது எவ்வளவோ மேல்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007லிருந்து இருக்கிறது. 2018ல் மணிக்கு 37 ரூபாயில் தொடங்கிக் குறைந்தபட்சக் கூலியும் நிர்ணயித்தார்கள், ஆனால் அது வேலை பார்க்கிற மணிக்கான கணக்கு, பூட்டிய வீட்டுக்கு உதவாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவருவதை ஆராயுமாறு மத்திய அரசிடம் சொன்னது. அது வருகிறபோது வரட்டும், அதுவரை வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம்.

"அப்போ அவங்க லீவு போட்டா மட்டும் நாம பிடிக்காம இருக்கணுமா?" என்று என் நாத்தனார் கேட்டார். அது வேற விஷயம். ஆடி மாசம் கூழ் ஊற்ற ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தால் எத்தனை நாளுக்குச் சம்பளம் என்பதை வேலைக்குச் சேர்க்கும்போதே பேசிக்கொள்ளலாம். நாமாக வேலையை நிறுத்தினால் எவ்வளவு என்பதையும் அதே நாளில் பேசலாமே, அதை மட்டும் ஏன் யாரும் பேசுவதில்லை?

அந்த வாசகருக்கு ஒன்று. ஆயா அந்த இரண்டு மாதம் வேறு வீட்டில் வேலை பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாக. ஆனால் அதை டிக்கெட் போட்ட அன்றைக்கே சொல்லிவிடுங்கள், கிளம்புவதற்கு முந்தின ராத்திரி சொல்லாதீர்கள். சம்பளமும் தராமல், போகவும் சொல்லிவிட்டு, ஊரிலிருந்து வந்து இறங்கிய மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் வாசலில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் நடக்காது. பிடித்த ஆள்தான் திரும்ப வேண்டும் என்றால் இரண்டு மாதக் காசைப் பயணச் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தீபாவளி போனஸில் அதைக் கழித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பள்ளிக்கரணை