ஒரே விதி, ஊருக்கொரு நடைமுறை

ஐயா,

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் ஏற்படும் தாமதம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். கூட்டம் மட்டுமே அதற்குக் காரணம் அன்று. விதிகளை வகுப்பது சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவு. பெரிய விமான நிலையங்கள் பெரும்பாலானவற்றில் அவற்றைச் செயல்படுத்துவது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. அப்படியிருந்தும், பையிலிருந்து எதை வெளியே எடுக்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர், சில சமயம் வரிசைக்கு வரிசை மாறுகிறது. அண்மையில் என் தாயாருடன் பயணித்தபோது, புறப்பட்ட இடத்தில் சார்ஜர், பவர் பேங்க், குடை அனைத்தையும் தட்டில் வைக்கச் சொன்னார்கள். திரும்பும்போது, கேட்பதற்கு முன்பே அவற்றை எடுத்து வைத்ததற்காகக் கடிந்துகொண்டார்கள்.

திடீர்ச் சோதனைகளின் தேவையையோ, கருவிகள் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதையோ நான் மறுக்கவில்லை. ஆயினும், சபரிமலை பக்தர்கள் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுசெல்ல 2024-இல் அளித்த தற்காலிக அனுமதியை, 2025 ஜனவரி 20 வரை என்று தேதி குறித்தே அறிவிக்க முடிந்த அரசுக்கு, வெளியே எடுக்க வேண்டிய பொருள்களின் பட்டியலை வரிசை தொடங்கும் இடத்திலேயே அந்தந்த மாநில மொழியில் எழுதி வைப்பது கடினமாக இராது. முதியோர் பையைத் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையாவது அது மிச்சப்படுத்தும்.